வாசகர் கேள்வி பதில்: டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு, இனி?

மாரடைப்போ பக்கவாதமோ வந்து மீண்டுகொண்டிருப்பவர்களின் வீடுகளிலிருந்து குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் வருகின்றன. ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி அதிகம் பேர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் யாரிடம் கேட்பது என்று தெரியாத சின்னச் சின்ன சந்தேகங்கள்தான் கடிதங்களில் நிறைந்திருக்கின்றன. மறுபடி கோளாறு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். இதய மருத்துவம், இயன்முறை, உணவியல் மூன்றும் அறிந்தவர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

என் வீட்டுக்காரருக்கு 52 வயது. ரப்பர் பால் வெட்டுகிறவர். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஏழு வாரம் ஆகிறது. நெஞ்சுவலி ஒன்றும் இல்லை. "சுகமாயிட்டு, வெட்டுக்குப் போறேன்" என்று நிற்கிறார். பல் விளக்கும்போது ரத்தம் வருகிறது என்று ஒரு மாத்திரையைத் தானாகவே நிறுத்தியும் விட்டார். என்ன செய்ய? (குலசேகரம்)

மாத்திரை விஷயம்தான் அவசரம். இந்தப் பதிலைப் படித்ததும் ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எந்த மாத்திரை, எத்தனை நாளாக நின்றிருக்கிறது என்று சொல்லுங்கள். ஸ்டென்ட் என்பது உலோக வலை. ரத்தக்குழாயின் உள்தோல் அதன்மேல் முழுதாக வளர்ந்து மூடும்வரை ரத்தம் அதை வெளிப்பொருளாகவே பார்க்கும், உறைந்து ஒட்டப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலரும் தருகிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஒரு வருடம். அதன்பின் ஒன்று மட்டும், பெரும்பாலும் ஆயுள் முழுவதும். முதல் சில மாதங்களில் ஒன்றை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக் குழாய் ஒரேயடியாக அடைபடலாம். அப்படி வரும் மாரடைப்பு முதலில் வந்ததைவிட மோசமாக இருக்கும், முன்னறிவிப்பும் தராது.

ஈறில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் ஈறு நோய்தான் காரணம். மாத்திரை அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. மென்மையான பிரஷ் வாங்குங்கள். பல் டாக்டரிடம் ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பல் பிடுங்க வேண்டி வந்தாலும் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே, பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ சமாளித்துவிடுவார்கள். மலம் தார்போல் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, கால்மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், திடீரென்று வரும் கடுமையான தலைவலி ஆகியவை வேறு கதை. அன்றே ஆஸ்பத்திரி. வெட்டுக்கத்தி கையில் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம், இடையில் திறந்து பார்க்காமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

தோள்வலிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் எதுவும் இனி வேண்டாம். வயிற்றில் ரத்தக்கசிவு, மாரடைப்பு இரண்டின் வாய்ப்பையும் அவை கூட்டும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர் நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் போடக்கூடாது, அந்த மாத்திரையின் பலனை அது குறைக்கும். பான்டோப்ரசோல் பரவாயில்லை.

இனி வேலை. நெஞ்சுவலி இல்லை என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். 55-க்கு மேல் என்றால் நல்லது, 40-க்குக் கீழே என்றால் பலவீனம். பிறகு டாக்டரிடம் கேட்டு டிரெட்மில் சோதனை. பால் வெட்டு லேசான வேலையல்ல. விடியுமுன் வெறும் வயிற்றில் சரிவில் ஏறுவது, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்வது, கடைசியில் பால் நிறைந்த வாளியைச் சுமப்பது. இதில் சுமைதான் இதயத்தை அதிகம் வருத்தும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பம்ப் நன்றாக இருந்து டிரெட்மில்லும் சரியாக வந்தால் முதலில் பாதி மரங்கள், சமதளத் தோட்டம், சுமக்க வேறொரு ஆள் என்று தொடங்கலாம். நாலைந்து வாரத்தில் கூட்டிக்கொண்டே போகலாம். முதல் ஒரு மாதம் தனியாகப் போகவேண்டாம். போன் எடுக்காத மலைச்சரிவு என்றால் இது இன்னும் முக்கியம்.

அதற்கு முன்னால் நடை. முதல் வாரம் சமதளத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, ஆறாவது வாரத்தில் ஒரே மூச்சாக 30 நிமிடம். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பு ஏறாது, அதனால் நாடியை எண்ணி வேகத்தை முடிவு செய்யாதீர்கள். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். மேடும் பள்ளமுமான நம் ஊரில் சமதளம் எங்கே என்று பலரும் கேட்கிறார்கள். சானல்கரைதான். தண்ணீர் ஓடுவதற்காகவே மட்டம் பார்த்து வெட்டிய கால்வாய், அதன் கரைப் பாதையும் மட்டமாகத்தான் போகும்.

எனக்கு 46 வயது. போன வருடம் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள். பத்து வருடமாக சிவாலய ஓட்டம் ஓடுகிறேன். இந்த மகா சிவராத்திரிக்கும் ஓடலாமா? (முஞ்சிறை)

ஓட்டமாக வேண்டாம். உங்கள் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கும் மேல். விரதம், ராத்தூக்கம் இல்லாமை, பகல் வெயிலில் தார்ச்சாலை, ஒவ்வொரு கோயிலிலும் உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே குளத்தில் முழுக்கு. ஒவ்வொன்றாக வந்தால் தாங்கும் இதயத்துக்கு எல்லாம் ஒன்றாக வருகிறது. நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். சூட்டிலிருந்து குளிர்ந்த தண்ணீரில் குதித்தால் குழாய்கள் சுருங்கும். "பத்து வருடப் பழக்கம்" என்பது தசைக்குத்தான் உதவும், குழாய்க்கு உதவாது.

வண்டியில் பன்னிரண்டு கோயிலும் தொழுகிறவர்கள் நிறையவே உண்டு. நடந்தே தீர வேண்டும் என்று மனசு கேட்டால், டிரெட்மில் சோதனை சரியாக இருந்து டாக்டரும் சம்மதித்தால், கல்குளத்திலிருந்து மேலாங்கோடு போன்ற பக்கத்துக் கோயில்களுக்கு இடையே மட்டும் காலை நேரத்தில் நடங்கள். மீதி வண்டியில். முழுக்குக்குப் பதிலாகக் கால் கழுவித் தலையில் தெளித்துக்கொள்ளலாம். விரதம் என்று மாத்திரையை விடக்கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் விரதமே வேண்டாம்.

என் அப்பா கடல்தொழில் செய்தவர். பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம். கஞ்சி கொடுத்தால் புரையேறுகிறது. கை தோளிலிருந்து தொங்குகிறது, வலிக்கிறது என்கிறார். பிசைய ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். வேறென்ன செய்யலாம்? (குளச்சல்)

புரையேறுவதை இன்றைக்கே கவனியுங்கள். பக்கவாதத்தில் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கும். உணவும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும், பக்கவாதம் வந்தவர்கள் பின்னால் இறப்பதற்கு அது பெரிய காரணம். இருமல் வராமலேகூட உள்ளே போகலாம். விழுங்கியபின் குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்டால் அதுதான் அடையாளம். காய்ச்சலும் சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம். விழுங்கும் திறனைச் சோதிக்கும்படி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சிலருக்குக் கொஞ்ச காலம் மூக்குக்குழாய் வேண்டியிருக்கும்.

கஞ்சி நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பழங்கஞ்சிபோல் தண்ணீர் தனி, பருக்கை தனியாக இருப்பதுதான் விழுங்கக் கஷ்டமானது. பருக்கையை மெல்லும்போது தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும். டாக்டர் வாய்வழி கொடுக்கலாம் என்றால் கஞ்சியை மிக்ஸியில் அடித்து ஒரே பதமாக்குங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் கட்டியாக விழ வேண்டும். படுக்கையில் சாய்த்துக் கொடுக்காதீர்கள். நாற்காலியில் நேராக உட்காரவைத்து, தாடையைச் சற்றே நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, டீஸ்பூன் அளவு, ஒன்று இறங்கியபின் அடுத்தது. ஸ்டிரா வேண்டாம், பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். முடிந்ததும் வலது கன்னத்துக்குள் விரல் விட்டுப் பாருங்கள், அங்கே உணர்ச்சி குறைவாக இருப்பதால் சோறு ஒதுங்கிக் கிடக்கும். மீன் கொடுத்தால் முள்ளில்லாமல் மசித்து. பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். இரண்டு வேளையும் வாயைச் சுத்தம் செய்யுங்கள்.

தோள். கையின் எடை முழுவதையும் தாங்க வேண்டிய தசைகள் தளர்ந்துவிட்டதால் மூட்டு கீழே இறங்கியிருக்கிறது. இதைக் கெடுப்பது பெரும்பாலும் அன்புள்ள கைகள்தான். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுப்பது, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். இடுப்பில் ஒரு வேட்டியை மடித்துக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். பாதம் இரண்டும் தரையில், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியட்டும், பிறகு எழும்பட்டும். நாற்காலி எப்போதும் நல்ல பக்கமாக இருக்கட்டும். உட்காரும்போது வலது கையைத் தலையணைமேல் வையுங்கள். படுக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். வலப்பக்கம் படுத்தால் தோள் உடம்புக்குக் கீழே நசுங்காமல் முன்னால் இழுத்து, உள்ளங்கை மேலே பார்க்க. வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு ஆகிய இடங்களில் சிவப்பு தென்பட்டால் விரலால் அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறையவில்லையென்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது.

பந்தைப் பற்றிக் கேட்டது நல்லது. நம் ஊரில் பக்கவாதம் என்றால் உடனே ஒரு பந்து வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். கை முற்றிலும் தளர்ந்து, டாக்டரோ பிசியோவோ சொல்லியிருந்தால் சரி. ஆனால் நாளாக ஆக இந்தக் கை விரல் மடங்கி இறுகும் பக்கமாகவே போகும். அப்போது பந்தைப் பிசைவது மடக்கும் தசைக்கே மேலும் பயிற்சி. அவருக்கு வேண்டியது விரிப்பதும் விடுவதும். மேஜையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வலது கை, அதன்மேல் இடது கை வைத்து முன்னால் தள்ளி இழுக்கச் சொல்லுங்கள், மேஜையைத் துடைப்பதுபோல். உட்கார்ந்தபடி வலது உள்ளங்கையைப் பக்கத்தில் பலகைமேல் விரித்து ஊன்றி, மெதுவாக அதன்மேல் எடையைச் சாய்க்கலாம். கொஞ்சம் அசைவு வந்ததும் டம்ளரைப் பிடித்து நகர்த்தி விட்டுவிடுவது. பழகிய வேலை என்றால் மூளை சீக்கிரம் ஒத்துழைக்கும். வலையை வலது கையில் பிடித்துக்கொள்ள, இடது கையால் ஊசி கோக்கட்டும். தினம் நூற்றுக்கணக்கான முறை ஒரே அசைவு திரும்ப நடந்தால்தான் மூளை புது வழி போடும். ஒரே அமர்வில் களைக்க வைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடமாகப் பலமுறை. வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் வரும். அதன்பின் மெதுவாகும், நிற்காது.

நடக்கத் தொடங்கும்போது ஊன்றுகோல் நல்ல கையில், அதாவது இடது கையில். உயரம் மணிக்கட்டு ரேகை அளவு. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். சட்டை போடும்போது தளர்ந்த கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது அது கடைசியில். ரப்பர் செருப்பு வேண்டாம், பாதம் இழுபடும்போது அது மடங்கி ஆளைத் தள்ளிவிடும். பின்வார் உள்ள செருப்பு வாங்குங்கள். முன்பாதம் தொங்கினால் அதற்கென்று பிளாஸ்டிக் தாங்கி உண்டு, அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

பிசியோவுக்குத் தினம் நாகர்கோவில் போய்வருவது கஷ்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, எந்த நாளில் வருவார்கள் என்று கேட்டுவையுங்கள். அவர் வராத நாட்களில் வீட்டில் செய்ய வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் அம்மைக்கு பக்கவாதத்துக்குப் பின் பேச்சில்லை. என் பேரையே சொல்லவில்லை. ஆனால் ஜெபமாலை சொல்லும்போது "அருள் நிறைந்த மரியே" முழுதும் கூடச் சேர்ந்து சொல்கிறார். நடிக்கிறாரோ என்று வீட்டில் சிலர் கேட்கிறார்கள். (முட்டம்)

நடிப்பு இல்லை. நினைத்துச் சொல்லும் பேச்சும் பழகிப் பதிந்த பேச்சும் மூளையில் ஒரே வழியில் போவதில்லை. ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள் எல்லாம் தப்பித்து நிற்கும். வைது தீர்ப்பதும்கூட. ஜெபத்தையே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வரியைத் தொடங்கி நிறுத்துங்கள், கடைசிச் சொல்லை அவர் முடிக்கட்டும். பேசும்போது சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு விஷயம், டிவியை அணைத்துவிட்டு. "என்ன வேணும்" என்பதைவிட "காப்பியா, வெள்ளமா (தண்ணீரா)" என்று இரண்டையும் கையில் காட்டிக் கேளுங்கள். பதிலுக்குப் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். காது கேட்காதவர்போல் உரக்கக் கத்தவேண்டாம். காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் வந்தால் அதற்கும் மருந்துண்டு. சாப்பாட்டில் வெறுப்பு, பயிற்சிக்கு மறுப்பு, தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, குணப்படுத்தவும் முடியும்.

வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் உழிச்சலுக்கு (எண்ணெய் தேய்த்துத் தடவுவதற்கு) கூட்டிப்போகலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். (அருமனை)

வர்மத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். எண்ணெய் தேய்த்து மென்மையாகத் தடவி மூட்டுகளை மெதுவாக அசைப்பதில் ஆபத்து குறைவு, இறுக்கமும் கொஞ்சம் தளரும். ஆனால் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று தெரிந்து, டாக்டர் சொன்ன மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அதன்கூடச் சேர்த்துத்தான். அதற்குப் பதிலாக அல்ல. முதல் சில வாரத்துக்கு வேண்டாம்.

ஆசானிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். கழுத்தைத் திருப்பிச் சொடுக்கக்கூடாது, கழுத்தின் ரத்தக்குழாய் கிழிந்து இன்னொரு பக்கவாதம் வரலாம். தோளை இழுத்து ஏற்றக்கூடாது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அந்தக் காலைத் தொடவே கூடாது, உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அதைப் பிசைந்தால் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும். கிழி (சூடான மருந்துப் பொட்டல ஒத்தடம்) வைத்தால் நோயாளியின் நல்ல கையில் சூடு பார்க்கட்டும். தளர்ந்த பக்கத்தில் உணர்ச்சி குறைவு, தோல் வெந்தாலும் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரை ஓங்கி அழுத்தினால் ரத்தம் கன்றிப்போகும்.

உள்ளுக்குத் தரும் மருந்தில்தான் எங்களுக்குத் தயக்கம் அதிகம். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பெயர் எழுதாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று இதய டாக்டராலும் சொல்ல முடியாது. ஆயுர்வேதம்தான் வேண்டுமென்றால் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேங்காய் எண்ணெய் இல்லாமல் எங்களுக்குச் சமையலே இல்லை. டாக்டர் குறைக்கச் சொல்கிறார், யூடியூபில் நல்லது என்கிறார்கள். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மீன் பற்றியும் சொல்லுங்கள். (மார்த்தாண்டம்)

டாக்டர் சொன்னதுதான் சரி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, நல்லெண்ணெயில் 15 சதவீதம்போல், கடலை எண்ணெயில் 20-க்குள். மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐ ஏற்றுகிறது. மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே வர வேண்டும். கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாடின் சாப்பிட்டுக்கொண்டே அதை ஏற்றுவானேன்? அவியலுக்கு இறக்கும்போது ஊற்றும் ஒரு டீஸ்பூன் இருக்கட்டும், அதன் மணத்தை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. தாளிக்க, வதக்க நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ. எல்லா எண்ணெயும் சேர்த்து ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். அரைக்கும் தேங்காய் நாலு பேருக்கு ஒரு நாள் அரைமுறிக்கு மேல் வேண்டாம். மீன்குழம்பு, தீயல், துவையல் மூன்றும் ஒரே நாளில் வைத்தால் கணக்கு தப்பும்.

உப்பு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், தட்டையாக ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். முப்பது நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம், பப்படமும் ஊறுகாயும் கருவாடும் இந்தக் கணக்கில் வராமலே. கருவாட்டை எத்தனை முறை கழுவினாலும் உப்பு முழுதும் போகாது, அதை விட்டுவிடுவதே நல்லது. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் வாங்கக்கூடாது. தினம் கருக்கு (இளநீர்) வெட்டிக் குடிப்பதும் அவர்களுக்கு ஆகாது.

மீன் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். சாளையும் அயிலையும் விலை குறைந்த மீன்கள், ஒமேகா-3 நிறைந்தவை. வாரம் இரண்டு மூன்று நாள், குழம்பாக. பொரித்தால் பாதிப் பலன் எண்ணெய்ச் சட்டியில் போய்விடும். மரச்சீனி முழுக்க மாவுச்சத்து. சோற்றுக்குப் பதிலாக ஒரு கப் அளவு அவித்த கிழங்கும் மீனும் சாப்பிடலாம், சோற்றோடு சேர்த்து அல்ல. ஏத்தங்காய் உப்பேரியில் (நேந்திரங்காய் சிப்ஸில்) எண்ணெய், உப்பு, மாவு மூன்றும் சேர்ந்திருக்கிறது, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மட்டிப்பழம் ஒன்று தாராளமாக. பம்ப்ளிமாஸ் பழம் அட்டோர்வாஸ்டாடினின் அளவை ரத்தத்தில் ஏற்றக்கூடும், அதைத் தவிருங்கள்.

இதய பலவீனம் என்று, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரை தந்திருக்கிறார்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர்தான் என்றார்கள். எப்படி அளப்பது? (பூதப்பாண்டி)

காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வையுங்கள். குடிப்பதெல்லாம் அதிலிருந்து. டீ, மோர், கஞ்சித்தண்ணி, ரசம் எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. நாக்கு வறண்டால் ஒரு சின்ன ஐஸ்கட்டி, அல்லது எலுமிச்சைத் துண்டு.

அதைவிட முக்கியம் எடை. தினம் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் இரண்டு கிலோவோ கூடினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்கும்வரை, தலையணை இரண்டு மூன்றாகும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். லாசிக்ஸ் காலையில்தான், சாயங்காலம் சாப்பிட்டால் ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கு நடக்க வேண்டிவரும். அந்த நடையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உண்டு.

வீட்டு பி.பி. மிஷின் ஒவ்வொரு முறையும் வேறு காட்டுகிறது. (தக்கலை)

மிஷினைவிட முறைதான் பெரும்பாலும் காரணம். டீ குடித்தோ பீடி பிடித்தோ அரைமணி நேரம் கழியட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்காதீர்கள். முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் வைத்து, கை இதய உயரத்தில் மேஜைமேல் இருக்க ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். டாக்டரிடம் போகுமுன் ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதைக் காட்டுங்கள். மணிக்கட்டில் கட்டும் மிஷின் வேண்டாம். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கையில்தான் பார்க்க வேண்டும். 130/80-க்குக் கீழே நின்றால் நல்லது.

மலைப்பகுதியில் இருக்கிறோம். மறுபடி வந்தால் ஆஸ்பிரின் கொடுக்கலாமா? (பேச்சிப்பாறை)

நெஞ்சுவலிக்கு ஆம், பக்கவாதத்துக்கு இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிற வீடுகள் நிறைய.

நெஞ்சு நடுவில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராமை மென்று விழுங்கக் கொடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகாதீர்கள். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகள் அங்கேயே தந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வீட்டில் ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதை அவர்களிடம் சொல்லுங்கள்.

வாய் கோணுவது, ஒரு கை தாழ்வது, பேச்சுக் குழறுவது என்றால் வாய்வழி ஒன்றும் கொடுக்கக்கூடாது, தண்ணீர்கூட. ரத்தக்கசிவா அடைப்பா என்று ஸ்கேன் எடுக்காமல் தெரியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டும். பி.பி. மாத்திரையும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அந்த நேரம் நீங்கள் பார்த்த நொடியிலிருந்து தொடங்குவதில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. அதை எழுதிக்கொண்டு போங்கள். சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் 24 மணி நேரமும் எங்கே உண்டு என்று, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி உட்பட, இப்போதே விசாரித்து வையுங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும், பெரிய பக்கவாதம் வர அதிக வாய்ப்புள்ளது அடுத்த இரண்டு நாளில்தான்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு தாம்பத்தியம் எப்போது? (ஊர் வேண்டாம்)

கூச்சப்பட வேண்டியதில்லை, வராத கேள்வி என்றுதான் டாக்டர்களும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாடிப் படியை நிற்காமல் ஏறி, நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வரவில்லையென்றால் உடம்பு தயார். பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் வந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டதும், குடித்ததும் வேண்டாம். பைபாஸ் என்றால் நெஞ்செலும்பு கூடும்வரை, எட்டு வாரமாவது, கையூன்றி எடை தாங்கும் நிலை கூடாது. மாத்திரையால் நாட்டம் குறைந்ததுபோல் தோன்றினால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். சில்டெனாஃபில் வகை மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டோ வேறு நைட்ரேட் மாத்திரையோ அதோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இறங்கிவிடும். ஒருவேளை போட்டிருந்து நெஞ்சுவலியும் வந்துவிட்டால் சார்பிட்ரேட் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.